பச்சைப் பொட்டு

காரைக்குடி கழனிவாசலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நாகவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். கடை திறந்த புதிதில், "வேலை பாக்குற ஆளு எங்கத்தா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்குரூடிரைவரைத் தூக்கிக் காட்டியவள். இப்போது தேவகோட்டையிலிருந்து வருகிறவர்கள்கூட, அவள் பச்சைப் பொட்டு வைத்த எஸ்எம்பிஎஸ்தான் வேண்டும் என்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதன் முதுகில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கை நாகவல்லி ஒருநாளும் நம்பியதில்லை. ஆறு கார் ஹெட்லைட் பல்புகளை மாட்டி ஒரு மணி நேரம் எரியவிடுவாள். கடையே வெக்கையில் வேகும். சுவரிலிருந்து நானூறு வாட் இழுத்து, பல்புகளுக்கு முன்னூற்று முப்பது கொடுத்தால் நல்ல சரக்கு. ஐந்நூறு இழுத்தால் மிச்சமெல்லாம் வெறும் சூடு. ஒரு மணி நேரம் தாங்கினால்தான் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு.

ஒரு நாள் மட்டும் தவறிவிட்டாள். கொத்தமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சேவுகப்பெருமாள் எஸ்எம்பிஎஸ் போன கம்ப்யூட்டரோடு வந்து நின்றான். "பஸ்சுக்கு நேரமாச்சுக்கா. பொண்ணு வீட்டுக்காரக நாளைக்கே ஆல்பம் கேக்குறாக" என்று பறந்தான். புதுச்சரக்குதானே என்று ஒரு பெட்டியில் பல்புகளைப் பத்தே நிமிடம் எரியவிட்டு, பொட்டு வைத்து மாட்டிக் கொடுத்துவிட்டாள்.

அவன் போனதும், அதே சரக்கில் வந்த இன்னொரு பெட்டியைச் சோதனைக்குப் போட்டாள். நாற்பதாவது நிமிடம், அவள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், 'பட்' என்று வெடித்துப் புகைந்தது. பிசைந்த சோறு தட்டிலேயே கிடக்க, தன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் கொத்தமங்கலத்துக்கு ஸ்கூட்டியை விரட்டினாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள்.

"என்னக்கா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

"மெசின அமத்து தம்பி. இதோட வந்த இன்னொரு பெட்டி வெடிச்சிருச்சு. பத்து நிமிசந்தான் பாத்தேன். பொட்டு வச்சது என் தப்பு."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "கல்யாணப் படம் பூராவும் இதுலதான்க்கா இருக்கு! ஒங்க பொட்ட நம்பித்தான வந்தேன்?"

நாகவல்லிக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை மாற்றிவிட்டு, கழற்றியதை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கடைக்கு வந்ததும் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். ஆறு பல்புகளையும் மாட்டிவிட்டு, எழுந்திருக்காமல் எதிரிலேயே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வாட் மீட்டர் நானூறை விட்டு அசையவில்லை, பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன் அடித்தது. "வெடிச்சிருச்சாக்கா?"

ஆமாம் என்று சொன்னால் மானம் மிஞ்சும். "இல்ல, நல்லா ஓடுது" என்றாள்.

"அடப் போங்கக்கா! பெறகு எதுக்கு இந்த வெயில்ல அலைஞ்சீக?"

"நல்லா ஓடும்னு எனக்கு இப்பத்தானப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டு, நாகவல்லி பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.