புருல்கான் பாடாத ஒப்பாரி

அலாய் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் ஓடுவது புருல்கானிடம்தான். முல்லாவிடம் அப்புறம்தான் போவார்கள். முல்லா தொழுகையை நடத்திவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார். செத்தவன் எப்படிப்பட்டவன், எந்தக் குதிரையில் ஏறினான், யாருக்கெல்லாம் சோறு போட்டான் என்று பாட்டாகக் கட்டிச் சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. கம்பளிக் கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பாள். உள்ளே குரல் எழும்பிய பிறகு வெளியே ஆண்கள் கம்பில் சாய்ந்து வாய்விட்டு அலறுவார்கள். செத்தவன் வீட்டுக்காரி பாட்டை ஆரம்பிக்காமல் ஆண்பிள்ளை முந்திக்கொண்டு அழுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

அப்பேர்ப்பட்டவள் சொந்தப் புருஷனுக்கு மட்டும் ஒரு வரி பாடவில்லை. ஊருக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் எடுக்கிற இடத்தில் அவள் காதுபடவே பேசுவார்கள். "ஊர்ப் பொணத்துக்கெல்லாம் குயில் மாதிரி பாடுவா. தன் வீட்டு விஷயம்னா மட்டும் தொண்டை கட்டிக்கும்." புருல்கான் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். காதில் விழாமல் இல்லை. விழுந்ததைக் காட்டிக்கொண்டால் அவள் புருல்கான் இல்லை.

அவள் புருஷன் துர்துமாத், மலை ஏற வரும் வெளிநாட்டுக்காரர்களின் மூட்டைகளைக் குதிரையில் ஏற்றிக் கணவாய் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறவன். வலது முழங்கால் நொண்டி. குதிரைமேல் இருந்தால் ராஜா, கீழே இறங்கினால் வாத்து என்று தன்னைத் தானே கேலி பண்ணிக்கொள்வான். அவன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் பேரையும் புருஷன் வீட்டு ஆண்கள் பேரையும் அங்கே பெண்கள் சொல்வதில்லை. அவளுக்கு அவன் 'குதிரைக்காரர்'. அவன் தம்பி எசென் 'சின்னவர்'. கல்யாணமான புதிதில் துர்துமாத்தின் சாட்டைப் பிடி விரிசல் விட்டபோது, அதில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். கம்பியின் முனையை மடக்கி உள்ளே செருகத் தெரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது கையைக் கிழிக்கிறதென்று அவன் வாழ்நாள் முழுக்கப் புலம்பினான். சரிசெய்யத்தான் கடைசிவரை அவளிடம் கொடுக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், செப்டம்பரில், கூட்டிப்போன கூட்டத்தில் ஓர் ஆள் வெள்ளைக் கணவாயில் பின்தங்கிவிட்டான். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு துர்துமாத் செவலைக் குதிரையைத் திருப்பிக்கொண்டு மேலே போனான். பின்தங்கியவன் வேறு வழியாக இறங்கி, மேய்ச்சல்காரன் ஒருவன் வீட்டில் சூடாக டீ குடித்துக்கொண்டிருந்தான். துர்துமாத் வரவில்லை. மறுநாள் செவலை மட்டும் வந்தது. சேணம் வயிற்றுக்குக் கீழே சரிந்து தொங்கியது. ஊரே ஏறித் தேடியது. பனியாற்றின் பிளவுகளுக்குள் கயிறு விட்டுப் பார்த்தார்கள். தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

அன்றைக்கே பெண்கள் கறுப்புத் துணியோடு வந்தார்கள். புருல்கான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கே வந்தீங்க? அவர் வெளியே போயிருக்கார். வந்ததும் சொல்லியனுப்பறேன்."

பெண்கள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கென்னவோ அவளுக்குப் புத்தி மிக நன்றாகவே வேலைசெய்தது என்றுதான் தோன்றுகிறது. அவள் ஒரு வரி பாடினால் போதும், எல்லாம் வரிசையாக வரும். செவலையின் வாலை வெட்டுவார்கள். செத்தவன் குதிரைக்கு அதுதான் அடையாளம். பிறகு யாரும் அதன்மேல் ஏறமாட்டார்கள். வருஷ விருந்தன்று அதையும் அறுத்துப் பந்தி வைப்பார்கள். அவனைக் கடைசியாகச் சுமந்துபோய்த் திரும்பிவந்த உயிர் அது. அவள் பாடாத வரைக்கும் செவலைக்கு வால் இருக்கும். செவலைக்கு வால் இருக்கிற வரைக்கும் அவன் வெளியே போயிருக்கிறான்.

இதில் ரொம்ப நசுங்கியவன் எசென். அண்ணன்தான் அவனைத் தூக்கி வளர்த்தவன். அண்ணி பாடாததால் அவனால் அழவும் முடியவில்லை. ஒவ்வொரு கோடையும் முகாம் போட மேலே போகும்போது சண்டை கிளம்பும்.

"ஏன் அண்ணி, எங்கண்ணனுக்கு அழறதுக்கு நான் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"யார் வேண்டாம்னது? அழுதுட்டுப் போங்க சின்னவரே. வெங்காயம் அங்கே இருக்கு, உரிச்சுக்கிட்டே அழுங்க."

"விளையாடாதீங்க. அம்மா சாகறப்பகூடப் பெரியவன் வந்துக்கிட்டே இருக்கான்னு சொல்லித்தானே அனுப்பி வச்சீங்க. அவங்க வாசலைப் பாத்துக்கிட்டே போனாங்க. எனக்கும் அந்தக் கதிதானா?"

அவள் குனிந்து, அடுப்பில் இல்லாத புகையை ஊதுவாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் கணவாய்க்குக் கீழே அந்த முகாமை நடத்தினார்கள். அவள் சமையல், அவன் குதிரை. ஓஷ் நகரத்திலிருந்து நூர்ஸாத் என்ற கைடுப் பையன் கூட்டங்களைக் கூட்டிவருவான். நாலு பாஷை பேசுவான், யாரையும் சிரிக்கவைத்துவிடுவான், நல்லவன்தான். ஐந்தாவது கோடையின் ஆரம்பத்தில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்புப் பக்கம் வந்தான்.

"அக்கா, இப்ப வர்றவங்க நடக்கறதுக்கு மட்டும் வரலையாம். நம்ம பழக்கவழக்கத்தையும் பாக்கணுமாம். கம்பளியை அடிச்சுக் கம்பளம் பண்றது, குதிரைப்பால், கோமுஸ் வாசிக்கறது, அப்புறம்... ஒரு ஒப்பாரி."

"யார் செத்தது?"

"யாரும் சாகலைக்கா. சும்மாத்தான்."

"சும்மா ஒப்பாரி வைப்பாங்களாடா? உங்க ஊர்ல சும்மா கல்யாணம் பண்ணிப்பீங்களா?"

"அதுவும் இருக்குக்கா. மேல் முகாம்ல தெனம் ஒரு கல்யாணம் நடக்குது. பொண்ணு அழறதுதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்."

புருல்கான் கரண்டியை ஓங்கினாள். நூர்ஸாத் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். ஆனால் மாட்டேன் என்றால் கூட்டம் பக்கத்து முகாமுக்குப் போய்விடும் என்பது அவன் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் அப்பா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கான ஒப்பாரி முறையாகப் பாடி, அழுது, விருந்து போட்டு முடிந்துபோன ஒன்று. முடிந்த பாட்டைத் திருப்பிப் பாடினால் யாருக்கும் எதுவும் ஆகாது. உயிரோடிருப்பவன் மேல் தவறிப்போய் ஒரு வரி விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் தடவை பாடி முடித்ததும் பின்னால் படபடவென்று சத்தம் கேட்டுக் கூடாரம் சரிகிறதோ என்று பதறித் திரும்பினாள். கைதட்டுகிறார்கள். நாளடைவில் பழகிவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்வாள், 'ஏழு மலை ஏறினாலும் இளைக்காத என் அப்பா' என்று ஆரம்பிப்பாள், ஆட்டுக்குட்டியைப் பற்றிய அடியோடு முடிப்பாள், எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். அப்பா இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

அந்தக் கோடை அப்படிக் காய்ந்தது. பனியாறு கணவாயின் பாதிக்குப் பின்வாங்கி, சேறும் கல்லுமாகக் கிடந்தது. கடைசிக் கூட்டம் செப்டம்பரில் அதன் ஓரமாக இறங்கி வந்தது. அதில் ஹில்டா என்று ஒரு வெள்ளைத் தலைக் கிழவி. இளவட்டங்களெல்லாம் சுருண்டு விழுந்த ஏற்றத்தை விசிலடித்துக்கொண்டே ஏறியவள் என்று நூர்ஸாத் சொன்னான். புருல்கானுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. ரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து அவளுக்கு வைத்தாள். மூட்டைகளை ஏற்றிய குதிரைகளோடு எசென் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்து டீ ஊற்றும்போது ஹில்டா முகமெல்லாம் சிரிப்பாகத் தன் பையைத் திறந்து எதையோ எடுத்தாள். வழியில், பனியாறு முடிகிற இடத்தில், கல் இடுக்கில் கிடந்ததாம். வீட்டுச் சுவரில் மாட்டப்போகிறாளாம். இது என்ன, எந்தக் காலத்தது என்று நூர்ஸாத்திடம் கேட்டாள்.

"குதிரைச் சாட்டை. பழசாத்தான் இருக்கும்" என்றான் அவன், அவள் பாஷையிலும், பழக்கத்தில் தன் பாஷையிலும்.

புருல்கான் டீக் கெண்டியோடு நின்றாள். தோல் வார் அழுகிக் கறுத்திருந்தது. பிடியில் சுற்றிய செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. கம்பியின் முனை உள்ளே செருகப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். ஹில்டா சந்தோஷமாகச் சாட்டையைக் கொடுத்தாள். புருல்கான் கட்டைவிரலால் கம்பி முனையைத் தடவினாள். அது குத்தியது. ஐந்து வருஷம் பனிக்குள் கிடந்தும் அதன் கூர் போகவில்லை. இவ்வளவு நாளும் அவள் மறித்துக்கொண்டு நின்ற வாசல் வழியாக அவன் சாவு உள்ளே வந்துவிட்டது. அவள் விருந்தாளியின் பையில், அவள் ரொட்டி போட்ட கைகளில் வந்துவிட்டது. அவளுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. யார்மேல் கத்துவது? அந்தக் கிழவிக்கு என்ன தெரியும்?

"அக்கா, பாடறீங்களா?" என்றான் நூர்ஸாத். வழக்கமாகக் கேட்கிற நேரம் அது.

அவள் சாட்டையோடு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இன்றைக்குச் சாட்டையும் வைத்துக்கொண்டு பாடுகிறாள் என்று விருந்தாளிகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். அப்பா பாட்டுக்கு அவள் ஒருநாளும் தலைத்துணியை அவிழ்த்ததில்லை. புருஷனை இழந்தவள்தான் அதை அவிழ்ப்பாள் என்று கவனிக்க அங்கே ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை.

"ஏழு மலை ஏறினாலும் இளைக்காத என் அப்பா..."

ஒரு அடி பாடினாள். இரண்டாவது அடி வரவில்லை. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வேறொரு குரல் கிளம்பியது. அந்தக் கோடை முழுக்க அங்கே யாரும் கேட்காத குரல்.

"செவலை மட்டும் திரும்பிவந்தா சேணத்தை யார் அவிழ்ப்பா?
ஒருகால் நொண்டினாலும் வழிதவறா என் துரையே,
செம்புக்கம்பி சுத்தித் தந்த சாட்டை வந்து சேந்துடுச்சே,
சாட்டை பிடிச்ச கையை மட்டும் பனி எங்கே வச்சிருக்கு?"

வெளியே எசென் அப்போதுதான் வந்து சேர்ந்து செவலையின் முதுகிலிருந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அண்ணி தினம் பாடுகிற பாட்டுத்தானே என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. செவலை என்ற சொல் விழுந்ததும் கை நின்றது. நொண்டி என்று வந்ததும் மூட்டை கீழே விழுந்தது. அவன் தடுமாறிக்கொண்டே கூடாரத்துக்கு ஓடிவந்தான். உள்ளே வரவில்லை. உள்ளே வருவது முறையில்லை. கூடாரத்தின் வெளிப்பக்கம், அவள் முகம் இருந்த இடத்துக்கு நேராக, கம்பளியில் நெற்றியை முட்டிக்கொண்டு அலறினான்.

"அண்ணே! என்னைப் பெத்த அண்ணே! போயிட்டியா அண்ணே!"

ஐந்து வருஷத்து அழுகை. இடையில் ஒரு கம்பளிச் சுவர்தான். அவன் நெற்றி முட்ட முட்டக் கம்பளி உள்பக்கம் புடைத்து அவள் முகத்தில் இடித்தது. அவள் நகரவில்லை. அந்தப் புடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினாள்.

விருந்தாளிகள் அசந்துபோனார்கள். வெளியேயிருந்தும் ஓர் ஆண் குரல் சேருமென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இவ்வளவு அருமையாக அமைத்திருக்கிறார்களே என்று ஒருவர் ஆரம்பிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். ஹில்டா எழுந்து நின்று தட்டினாள். நூர்ஸாத் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு நாலு பாஷை தெரியும், ஒன்றில்கூட நிறுத்துங்கள் என்ற சொல் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் எசென் கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்களோடு பனியாற்றுக்கு ஏறிப்போனான். கை கிடைக்குமா, கால் கிடைக்குமா, கிடைத்ததைக் கொண்டுவந்து அடக்கம் பண்ணவேண்டும். கூட்டம் மூட்டை கட்டியது. ஹில்டா தன் சாட்டையைக் கேட்டாள். நூர்ஸாத் தன் இடுப்பிலிருந்த புதுச் சாட்டையை உருவி அவள் கையில் கொடுத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது அதைவிட அழகாக இருக்கிறது என்று அவனைக் கட்டிக்கொண்டாள். நேற்று அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்றும் கேட்டாள்.

"அவங்க அப்பாவைப் பத்தி" என்றான் அவன். விருந்தாளியிடம் வேறென்ன சொல்வது?

கூட்டம் வளைவு தாண்டி மறைகிற வரைக்கும் புருல்கான் கறுப்புத் துணியைக் கட்டவில்லை. மறைந்ததும் கட்டிக்கொண்டாள். ஆட்டுமயிர் வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு செவலையிடம் போனாள். வாலை வெட்டுவது ஆண்கள் வேலை. எசென் வந்து செய்யட்டும் என்று விட்டுவிட அவளால் முடியவில்லை. செவலை, சேணம் போட வருகிறாள் என்று நினைத்து, வழக்கம்போல் முதுகைத் திருப்பி அவளுக்குத் தோதாக நின்றுகொடுத்தது.

"குதிரைக்காரர் வந்துட்டாருடா" என்று அதன் காதில் சொல்லிவிட்டு, வாலைக் கையில் பிடித்தாள்.