கையில் செருப்போடு

சிரம்பானிலிருந்து கம்போடியாவின் அங்கோருக்குப் போன எங்கள் சுற்றுலாக் குழுவில் அவர் மட்டும் தனியாக வந்திருந்தார். ஒட்டிய கன்னம், வெயிலில் வெளுத்த தொப்பி. மரவேர்கள் பிளந்துபோட்ட ஒவ்வொரு பாழடைந்த கோயிலிலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுடுகல்லில் மெதுவாக நடப்பார். குழுவே அவருக்காகக் காத்திருக்கும். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இங்கதான் சாமியே இல்லையேண்ணே, போட்டுக்குங்க லா.”

“இருந்த இடந்தானே, தம்பி.”

ஊர் திரும்பியதும் சிரம்பானுக்குப் பக்கத்துக் கோலா சாவாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரம் வேன் அவரை இறக்கிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. பையோடு மரங்களுக்குள் நடந்தவர், ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். அங்கே கோயிலோ கல்லோ எதுவும் இல்லை. சேற்றில் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு போய், மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தேடுகிறேன். எந்த இடம் என்று தெரியவில்லை. எல்லா மரங்களும் ஒரே மாதிரி நிற்கின்றன.