வெள்ளோட்டம்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பெயர் டைம்டேபிள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், ஓட்டுநர் எந்த நிறுத்தத்தில் இறங்கி டீ குடிப்பார் என்பதையெல்லாம் ஒரு மேஜையில் உட்கார்ந்தபடி வகுத்துக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. குளிக்கப் போவதைக்கூடப் புறப்பாடு என்றுதான் சொல்வார்.

அவர் மனைவி ஒரு பயண நிறுவனத்தில் டிக்கெட் போட்டுக்கொடுத்தவள். தெருவுக்கே டிக்கெட் அக்கா. ஊரையெல்லாம் விமானம் ஏற்றி அனுப்பியவள், தான் மட்டும் ஏறியதில்லை. போய் வந்தவர்கள் அவள் மேஜை முன்னால் நின்று அளந்த கதைகளிலிருந்து நான்கு ஊர்களைத் தனக்கென்று பொறுக்கி வைத்திருந்தாள். கால்வாய் ஊர், மணிக்கூண்டு ஊர், மலையடி ஊர், துறைமுக ஊர். வரைபடத்தில் அவற்றுக்குப் பெயர்கள் வேறு. இந்த வீட்டில் இவைதான் பெயர்கள்.

மகன் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டும் முடிந்தபோது அவளுடைய சிறுநீரகங்களும் முடிந்திருந்தன.

அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் நாற்காலியில் கழிந்தன. இடது கையில் மெஷின் ஊசிக்காக ஒரு சிரையையும் ஒரு தமனியையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் பூனை வயிற்றைத் தொட்டதுபோல் உறுமும். தண்ணீர் அளவு. பழம் அளவு. உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, உடம்பில் தேங்கிய நீரை மெஷின் உறிஞ்சி எடுக்கும். வீடு திரும்பினால் பிழிந்த துணி மாதிரி கிடப்பாள். மறுநாள் கொஞ்சம் தேறுவாள். அதற்கு மறுநாள் மறுபடியும் நாற்காலி.

இரண்டு வருஷம் முணுமுணுக்காமல் போனாள். ஒரு புதன்கிழமை காலை அவர் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது கட்டிலைவிட்டு அசையவில்லை.

"போதுங்க. எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், மகனுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையில் வேறொன்றும் இல்லாத மனுஷன் என்ன செய்வார்? வாயில் வந்ததைச் சொன்னார்.

"நாலு ஊருக்கும் போயிட்டு வந்துடலாம். அதுக்கு நீ தெம்பா இருக்கணும்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் டிக்கெட் விற்றவளுக்குப் பொய் வாக்குறுதி எப்படி இருக்கும் என்று தெரியாதா?

"சும்மா சொல்றீங்க."

"சும்மா இல்ல. வர்ற வசந்த காலம்."

"சரி. போறதா இருந்தா உட்கார்றேன். போகலைன்னா எந்திரிச்சுடுவேன். அப்புறம் என்னை இழுக்கக் கூடாது."

ஒப்பந்தம் அவ்வளவுதான். அன்று முதல் அவருக்கு அது உல்லாசப் பயணம் இல்லை. அவளை நாற்காலியில் பிடித்து வைத்திருக்கிற கயிறு.

சாப்பாட்டு மேஜையில் வேலை தொடங்கியது. சொல்லப்போனால், வீட்டுக்குள் அத்தனை கலகலப்பு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. வாரத்தின் நடுவில் பறந்தால் கட்டணம் குறையும் என்றாள். விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், 'பழமையான அழகுள்ள கட்டடம்' என்று போட்டிருந்தால் லிஃப்ட் இல்லை என்று அர்த்தம் என்றாள். காலைச் சாப்பாடு சேர்த்த அறைதான் லாபம் என்று அவள் சொல்ல, அந்தச் சாப்பாட்டில் முக்கால்வாசி உனக்கு ஆகாது, காசு கொடுத்து வேடிக்கையா பார்ப்பது என்று அவர் வெட்டினார். கடைசியில் இரண்டு ஊரில் சேர்த்தும் இரண்டு ஊரில் சேர்க்காமலும் போட்டார்கள்.

இதெல்லாம் பட்ஜெட்டில் சிறிய பாதி. பெரிய பாதி மெஷின். போகிற ஊரிலெல்லாம் வெளியூர் நோயாளிக்கு நாற்காலி தருகிற மையம் இருக்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனைகளை அனுப்ப வேண்டும். விமானம், விடுதி, ரயில் எல்லாம் சேர்ந்த தொகையை மெஷின் ஒற்றையாளாக நின்று தாண்டியது. காப்பீடு தருகிறவர்கள் அவள் நோயின் பெயரைக் கேட்டதுமே மரியாதையாகப் போனை வைத்தார்கள்.

"இது ஊர் பார்க்கிற செலவு, இது உயிர் பார்க்கிற செலவு" என்று அவளே பிரித்துக் காட்டினாள். குளியலறையை இடித்துக் கட்ட வைத்திருந்த பணம் ஊர் பக்கம் போனது. அவளுடைய பணிக்கொடை மொத்தமாக உயிர் பக்கம் போனது.

அவள் தம்பி ஒருநாள் வந்து இதையெல்லாம் பார்த்தான். வாய்த்துடுக்கு உள்ளவன். "மாமா, மத்தவங்க கோயில், கோபுரம், அருங்காட்சியகம்னு குறிச்சுட்டுப் போவாங்க. நீங்க ஆஸ்பத்திரி சுற்றுலாவா போறீங்க?" என்றான். அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு வரவில்லை.

ஏனென்றால் ஊர்கள் உதிர ஆரம்பித்தன. கால்வாய் ஊரில் வெளியாட்களுக்கு நாற்காலி இல்லை. மலையடி ஊரில் இருந்தது, ஆனால் விலையைக் கேட்டதும் அவர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். மிஞ்சியவை இரண்டு. அவளிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டாச்சும் இருக்கே" என்றாள். "ஒரே ஊருன்னு ஆயிடுச்சுன்னா அதுக்குப் பேரு டூர் இல்லைங்க, டிரான்ஸ்ஃபர்."

ஆக, இரண்டைக் காப்பாற்றியாக வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. மணிக்கூண்டு ஊரில் வெள்ளிக்கிழமை நாற்காலி கிடைத்தது. துறைமுக ஊரில் திங்கட்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமைதான் என்று எழுதிவிட்டார்கள். வழக்கமான சனி ஞாயிறு இடைவெளியே அவளுக்கு மூச்சு முட்டும். இது அதற்கு மேல் ஒரு நாள்.

மையத்து சிஸ்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். "அதெல்லாம் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அவருடைய பணிமனை மூளைக்கு அந்தப் பதில் போதவில்லை. முடியாது என்று சொன்ன எத்தனை தடங்களை அவர் ஓட்டிக் காட்டியிருக்கிறார். புதுத் தடம் என்றால் பணிமனையில் ஒரு முறை உண்டு. அட்டவணையில் ஏற்றுவதற்கு முன், வண்டியை அந்த வழியில் அந்த நேரத்துக்கே விட்டுப் பார்ப்பார்கள். அதுதான் வெள்ளோட்டம்.

"ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துடலாம்மா" என்றார். "இங்கேயே. ஒரே ஒரு திங்கட்கிழமையைச் செவ்வாய்க்குத் தள்ளிப் பார்ப்போம். தாங்கிச்சுன்னா போட்டு வச்ச டிக்கெட் உறுதி."

"தாங்கலைன்னா?"

"பக்கத்துலதானே ஆஸ்பத்திரி."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். உறவுக்காரர் வீட்டு விசேஷம், வெளியூர் போகிறோம் என்று சிஸ்டரிடம் சொன்னார்கள். சிஸ்டர் திட்டிவிட்டுத்தான் நாளை மாற்றினாள். தண்ணீரைக் குறையுங்கள், பழத்தைத் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

வெள்ளோட்டம் என்றால் அரைகுறையாக விடமாட்டார் டைம்டேபிள். அங்கே எப்படி நடப்பார்களோ அப்படியே இங்கேயும் நடக்க வேண்டும். சனிக்கிழமை காலை இருவரும் ஒழுங்காக உடுத்திக்கொண்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, தாங்கள் வாழ்நாள் முழுக்கக் கடந்துபோன தெருக்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். நகராட்சிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை வருஷமும் உள்ளே போகாத சின்ன அருங்காட்சியகத்துக்குள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலத்தில் நின்று, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள். எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க என்று அந்தப் பிள்ளை கேட்டது. ரொம்ப தூரம் என்றாள் டிக்கெட் அக்கா.

அந்த இரண்டு நாளில் அவள் வயது இறங்கியிருந்தது. வெயில் ஏறியதும் ஒரு கடையில் ஆரஞ்சுச் சாறு கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"டூர் வந்தவங்க யாராவது தண்ணியை அளந்து குடிப்பாங்களா? பாதிதான். மீதி உங்களுக்கு."

அவர் வாங்கிக் கொடுத்தார். பாதி முக்கால் ஆனது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

திங்கட்கிழமை காலையில் அவள் செருப்பு காலில் ஏறவில்லை. அவர் குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி குழியாகவே நின்றது. எப்போதும் இரண்டு தலையணை வைத்துப் படுப்பவள் நாலு வைத்தும் படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இதற்குப் பொருள் அவருக்குத் தெரியும், இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடலாமா என்று கேட்டார். நாளைக் காலை வரைக்கும்தானே, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன தெரியும் என்று அவள் விட்டு விட்டுச் சொன்னாள். அவர் அவள் பேச்சைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மத்தியானம் தாண்டியபோது அவள் உதடு நிறம் மாறி, வாயில் நுரை வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவரைத் தள்ளித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

நுரையீரலில் தண்ணீர். பழத்தில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயம் தடம் மாறி அடித்தது. அவசரமாக மெஷினில் போட்டு, ஒரு வழியாகக் கரை சேர்த்தார்கள். வேலை முடிந்து போகிற வழியில் சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு, "விசேஷம் எப்படி இருந்துச்சு அக்கா?" என்றாள்.

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

அவர் எழுந்து வெளியே போனார். நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. வெள்ளோட்டத்தில் வண்டி காலியாகப் போக வேண்டும். ஆள் ஏறக் கூடாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். அவ்வளவு எளிய விஷயம். எதிரே ஒருவர் ஜுரமடிக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் எழுந்து உள்ளே போனார்.

இதயம் முன்பைவிடப் பலவீனமாகிவிட்டது, இனி விமானப் பயணம் கிடையாது என்று மருத்துவர் சொன்னார். எந்த வசந்த காலத்திலும் கிடையாது. அப்போது அவள் விழித்துத்தான் இருந்தாள்.

முன்பதிவுகளை அவளே ரத்து செய்தாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, போனில். பழைய மேஜைக் குரல் தானாக வந்தது. எதைத் திருப்பித் தருவார்கள், எதைத் தரமாட்டார்கள் என்று போனின் மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு இவளே எடுத்துக் கொடுத்தாள். துறைமுக ஊர் மையத்துக்குக் கட்டிய முன்பணம் போனது போனதுதான். காரணம் என்னவென்று போடட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள் போலிருக்கிறது. சொந்தக் காரணம்னு போடும்மா, அதுக்கு மேல யாரும் கேட்கமாட்டாங்க என்றாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்க டிக்கெட் இருக்கட்டுமா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்."

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ரெண்டும்" என்றாள் போனில்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஊர்ப்படங்களையும் விலைப்பட்டியல்களையும் அவள் கண்ணில் படாமல் எடுத்துவிடலாம் என்று போனார். அவள் தம்பி முன்பே வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தான். மேஜை துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை. அவர் பையை எடுத்தார். போர்வை, ஒரு புட்டி தண்ணீர், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வைத்து முடித்துக் படுக்கையறை வாசலில் போய் நின்றார். அவள் உடுத்தித் தயாராக இல்லை. நேற்றைய ஆடையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

ஒப்பந்தம் இருவருக்கும் நினைவிருந்தது. அவர் இழுக்கக் கூடாது. அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பார். பக்கத்து ஊருக்கு ரயிலில் போகலாம், மகன் வரட்டும் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் வாய்க்கு வருவதற்குள் பொய்யாகிவிட்டது. எனக்காக வா என்று சொல்லலாம்தான். ஆரஞ்சுச் சாறு வாங்கிக் கொடுத்த கையை வைத்துக்கொண்டு எந்த வாயால் அதைச் சொல்வது?

கீழே வாடகை வண்டிக்காரர் ஒருமுறை ஒலி எழுப்பினார். சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"அந்த ஆள் எவ்வளவு நேரமா நிக்கிறார்?" என்றாள்.

"கொஞ்ச நேரமா."

"பாவம், அவருக்கு அடுத்த சவாரி இருக்கும்." எழுந்து நிற்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சாம்பல் சட்டையை எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். கை நுழைக்க உதவினார், இடது கையை அழுத்தாமல். அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்கு வண்டிக்காரருக்காக வர்றேன். வெள்ளிக்கிழமைக்கு நான் வாக்கு கொடுக்கலைங்க."

"சரி" என்றார்.

படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி இறங்கினார்கள். வண்டிக்காரர் கதவைத் திறந்து விட்டார். அவளை உட்கார வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் ஏறினார். வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போனார். மையம் வந்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை.