விழுந்த வாழைக்கு நின்ற சாட்சிகள்

“…அன்பு கூடிப்போனா இப்படித்தான், எலே! விருந்துக்கு வந்தவன் எலையயும் சேத்துத் தின்னது போலாக்கும் உங்க ஒதவி,” என்று அக்கா சொன்னபோது, வெட்டுகத்தியோடு நின்றவர்கள் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல. கேரளத்துக் கொல்லயில் ஊரில், குத்தகை நிலத்தில் ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை வைத்திருக்கிறவள், எங்கள் எல்லோருக்கும் அக்கா. ஓணத்துக்கு வெட்ட வேண்டிய வாழை, விடியற்காலைக் காற்றில் பிஞ்சுக் குலையோடு சாய்ந்துவிட்டது. அவள் அப்போது பாலராமபுரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டதும் வேளாண்மை அலுவலகமான கிருஷிபவன் அதிகாரிக்குப் போன் செய்தாள். மத்தியானம் வந்து பார்ப்பதாகவும், அதுவரை விழுந்ததை விழுந்தபடியே போட்டிருக்கும்படியும் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். சர்க்கார் நஷ்டஈடு வந்தால்தான் அக்காவால் அடுத்த போகத்துக்குக் கன்று வைக்க முடியும். இல்லையென்றால் நிலம் கைமாறிப் போகும்.

அக்கா ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுத்தான் பார்த்தாளாம். அவர்கள் போன்களோ வேலியில் தொங்கிய சட்டைப் பைகளில் கிடந்தன. காற்றடித்தால் அடுத்தவன் விளைத்தோட்டத்தில் கூப்பிடாமல் இறங்குவது எங்கள் ஊர் வழக்கம். கிறிஸ்தவச் சபைக்காரர், அம்பலத்துக்குப் போகிறவர் என்றெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. அப்படி இறங்கியவர்கள் தண்டை வெட்டி ஒதுக்கி, இலையை ஆட்டுக்குக் கொடுத்து, விளையைக் கல்யாண வீட்டு முற்றம்போல் துப்புரவாக்கிவிட்டார்கள். கன்று முளைக்குமே என்று, வேரோடு பெயர்ந்து கிடந்த அடிப்பகுதியான வாழைமூடுகளை மட்டும் தொடவில்லை. குலை ஏற்ற என் பெட்டி ஆட்டோவோடு நான் போனபோது, பஸ் இறங்கி அக்காவும் வந்து சேர்ந்தாள்.

“எனக்க விளையில விழுந்தது அப்படியே கெடக்கு, அக்கா. தூக்கிட்டு வந்து இங்க போடுதேன். ஆருக்குத் தெரியும்?” என்றார் பக்கத்து விளைக்காரர்.

“பொய்ய நட்டா வேரு பிடிக்காது, மக்கா. நீ சும்மா இரி,” என்றாள் அக்கா. நிலமே கைவிட்டுப் போகும் நிலையில், யோசிக்கக்கூட நிற்காமல் வந்த பேச்சு அது. அதை இன்றும் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பிறகு கையைத் தட்டினாள். “அவனவன் வெட்டின மூட்டுக்கிட்ட அவனவன் போய் நில்லுங்க. கேட்டா வாயத் தொறந்து சொல்லணும், கேட்டியளா?”

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அதிகாரி, வாழை நின்ற இடத்திலெல்லாம் மனிதர்கள் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“மேடம், தள்ளினது காத்து. வெட்டினது எனக்க ஆளுவ. ரெண்டயும் படம் எடுங்க,” என்றாள் அக்கா.

அவர் ஒவ்வொரு மூடாகக் குனிந்து பார்த்தார். எல்லா மூட்டிலும் வேர் ஒரே பக்கம்தான் மண்ணோடு பெயர்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல், “சாஞ்சு கெடந்ததத்தான் வெட்டினேன், மேடம்,” என்றார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையும் ஆளையும் சேர்த்தே படம் எடுத்தார். “காத்து தன்னே. ஞான் எழுதாம், சேச்சி,” என்று, காற்றுச் சேதமாகவே எழுதுவதாக மலையாளத்தில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவர் கையிலிருந்தும் வெட்டுகத்தியைப் பிடுங்கி, ஒன்றுவிடாமல் என் ஆட்டோவில் போட்டு, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.