பழைய முகவரியில் பதினோரு இரவுகள்

எங்கள் கம்பெனியில் பில் அக்கா என்றால் முதலாளியின் டிரைவருக்கும் கொஞ்சம் உதறும். பம்பு விற்க வெளிநாடு போகிறவர்களிடம் அங்கே ஓட்டல் வாடகையோடு அந்த நாட்டு விற்பனை வரியையும் சேர்த்துப் பிடிப்பார்கள். தொழில் விஷயமாகத் தங்கியிருந்தால் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். பத்தொன்பது வருடமாக அப்படிக் கேட்டு வாங்குகிறவர் அக்கா. பில்லில் கம்பெனியின் பெயரும் முகவரியும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதால், கிளம்புகிறவர்களின் கையில் இரண்டையும் அச்சடித்த அட்டையைத் திணித்து, "ரூம் சாவி வாங்குறதுக்கு முன்னாடி இதக் காட்டணும்" என்று வகுப்பெடுப்பார்.

இந்த வருடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு பெரிய பில். கண்காட்சிக்காகப் பதினோரு இரவுகள். "இது தேறலேன்னா வெளி ஏஜெண்டுகிட்ட குடுத்துடலாம், உங்களுக்கும் ஓய்வு" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அக்கா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலை. மூன்றாம் தடவையாகப் பில்லைச் சரிபார்த்த அக்கா அப்படியே நாற்காலியில் சரிந்தார். பக்கத்து மேசை என்னுடையது, எட்டிப் பார்த்தேன். பில்லில் இருந்தது எங்கள் பழைய கட்டிடத்தின் முகவரி. நாங்கள் இடம் மாறி எட்டு மாதமாகிறது.

"இருநூறு அட்டை மீந்திருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

ஓட்டலுக்குப் போன் செய்தோம். தங்கியவரே கேட்டால்தான் பில்லை மாற்றித் தருவார்களாம். தங்கியவர் எங்கள் விற்பனையாளர், சூட்கேஸ் தம்பி. அவர் வேலையை விட்டுப் போனதே அக்காவால்தான். அதே பயணத்தில் வேறு ஊரில் மூன்று இரவுகள் தங்கியவர், அட்டையைக் காட்ட மறந்து, தன் பெயரிலேயே பில் வாங்கி வந்துவிட்டார். "கம்பெனி பேர் இல்லேன்னா அது வெறும் பேப்பர், தம்பி" என்று அக்கா தள்ளிவிட, மூன்று நாள் வாடகையும் அவர் தலையில் விழுந்தது.

அக்கா தம்பிக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சொல்லுங்கக்கா."

"தம்பி, அட்டையில பழைய முகவரி இருந்திருக்கு. தப்பு என்னோடது. நீங்க ஓட்டலுக்கு ஒரு மெயில் போட்டா மாத்திக் குடுப்பாங்க. இன்னிக்கு அஞ்சு மணிதான் கெடு."

"அப்ப அதுவும் வெறும் பேப்பர்தானேக்கா?"

"ஆமா, தம்பி."

"பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? செய்வாரா, பழி தீர்ப்பாரா? அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து மூடினார். எனக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை.

நாலு இருபதுக்குப் புதிய பில் வந்தது. புதிய முகவரி, எழுத்துப் பிசகாமல். நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. "அப்பாடா" என்று நான் சாய்ந்தேன்.

அக்கா சாயவில்லை. கீழ் இழுப்பறையிலிருந்து தம்பியின் மூன்று நாள் பில்லை எடுத்தார். ஓரத்தில் 'ஏற்க இயலாது' என்று அக்காவுடைய கையெழுத்து. அதோடு ஒரு பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைப் பக்கம் நடந்தார்.

"அக்கா, அதான் முடிஞ்சிருச்சே. நீங்களா போய் எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கறீங்க?"

"என் தப்புன்னதும் எத்தன போன் போட்டேன்? அந்தப் புள்ளைக்காக அந்த ஓட்டலுக்கு ஒரு போன்கூடப் போட்டுக் கேக்கலயே. அந்த மூணு நாள் காச வாங்கிக் குடுக்கணும்."

கதவைத் தட்டிவிட்டு, பில்லையும் அட்டையையும் முன்னால் நீட்டியபடி உள்ளே போனார்.