அவசரக்குடுக்கை கட்டிய கயிறு

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. பரீட்சையில் கேள்வியைப் பாதி படிக்கும்போதே பதில் எழுதத் தொடங்குகிறவள். அப்படிப்பட்டவள் பதினோராம் வகுப்பு முடிந்த விடுமுறையில், துறைமுகத்தில் பயணிகள் படகு விடும் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்றால் எந்த அப்பா நிம்மதியாகத் தூங்குவார்? அவள் அப்பா தையல்காரர். தண்ணீரென்றால் அவருக்குக் குலைநடுக்கம். அக்கரைக்குப் போவதென்றாலும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்தில்தான் போவார். அரைமனதாகச் சம்மதித்தவர் ஒரு நிபந்தனையும் போட்டார். ஒரே ஒரு புகார் வந்தாலும் படகுப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, அத்தை நடத்தும் கணக்கு வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும்.

கூட வந்த மாணவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தால் போதும். நிழல் பார்த்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டார்கள். இவள் மட்டும் படகுக்குக் கயிறு கட்டும் ஊழியரை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றினாள்.

அன்று காலை கடல் நிறைந்து தளும்பியது. மதியம் வரை படகுக்கு ஓய்வு. அண்ணன் பின்பக்கக் கயிற்றைக் கட்டிவிட்டு, முன்பக்கக் கயிற்றை அவளிடம் கொடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் பல்லைக் கடித்து இழுத்து, இம்மியும் அசையாதபடி கட்டினாள். புயலே வந்தாலும் படகு நகராது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏறிய கடல் மதியத்துக்குள் வற்றி இறங்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டாள். நீர் இறங்கினால் படகும் இறங்கத்தானே வேண்டும்? கயிறு விட்டால்தானே! மதியம் பார்த்தால் படகின் முன்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. காத்திருந்த பயணிகளைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, புதுக் கயிறு என்றும் பாராமல் கோடரியால் வெட்டினார்கள். படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்து ஆடி நின்றது.

கேப்டனுக்கு மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருஷம் கயிறு பிடித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அண்ணனைப் பொரிந்து தள்ளினார். அண்ணன் தலையைக் குனிந்தாரே தவிர அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமலிருந்தால் தப்பித்துவிடலாம். அந்த நேரம் பார்த்தா, அவள் காலையில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு அப்பா வந்து நிற்க வேண்டும்? அவள் கேப்டனுக்கு முன்னால் போனாள்.

"நான்தான் சார் கட்டினேன். அண்ணன் மேல தப்பில்ல."

"அவ்ளோ இறுக்கி எதுக்கும்மா கட்டுன?"

"படகு ஓடிடக்கூடாதுன்னு சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கேப்டனாலும் அடக்க முடியவில்லை. கடல் இறங்குகிற அளவுக்குக் கயிறு விட்டுக் கட்ட வேண்டும் என்று சொல்லி, வேறொரு கயிற்றை அவள் கையிலேயே கொடுத்தார். கடல் இன்னும் வற்றிக்கொண்டிருந்தது. இந்தமுறை அவள் பதறவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். துறைச் சுவரில் நீர் ஏறி இறங்கும் அளவைக் காட்டும் பாசிக் கோட்டைப் பார்த்தாள். கயிற்றைத் தளர விட்டு முடிச்சுப் போட்டாள். அப்பா டப்பாவோடு அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அத்தை வகுப்புதான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். வரிசையின் கடைசியில் அப்பா நின்றார். ஏறும் பலகைக்கு அருகே வந்ததும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது யாரு கட்டுனது?"

"நான்தான்பா."

சாப்பாட்டு டப்பாவை அவளிடம் கொடுத்தார். பலகையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, படகில் காலை வைத்தார்.