முப்பத்தொன்றாம் புள்ளி

ஊருக்கு ஊர் பெரும்புள்ளிகள் உண்டு. எங்கள் சதுப்பு நில ஆய்வு நிலையத்தில் இருந்தவர் வெறும் புள்ளிக்காரர். சேற்றில் நட்டிருக்கும் நாற்பத்தெட்டுக் குச்சிகளையும் வருடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஜிபிஎஸ் கருவியைப் பிடித்து, இருக்கும் இடத்தைக் குறித்து வருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் செய்தார். முழங்கால் வரை சேறும் வாய் நிறைய வசவுமாகத் திரும்புவார். வசவெல்லாம் நண்டுகளுக்கு. மனிதர்களிடம் அதிர்ந்து பேச மாட்டார்.

எனக்கு அங்கே கணினி வேலை. அவர் கொண்டுவரும் புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றுவேன். காடு, மலை, கடற்கரை என்று எங்களோடு சேர்த்து ஏழு நிலையங்கள், ஏழுக்கும் சேர்த்து ஒரே வரைபடம். ஓர் இடத்தில் ஏற்றினால் ஏழு இடத்திலும் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: எடுத்தவர், எடுத்த முறை, சரிபார்த்தவர். முதலாவதில் அவர் பெயர், கடைசியில் என் பெயர். நடுக்கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்: 'நடந்து'.

அந்தச் சொல்லில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்தான். மற்ற நிலையங்களில் சிலர் 'கணக்கிட்டு' என்று போடுவார்கள். அதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்.

"கணக்குப் போடுறதுக்கு எதுக்குங்க காலு?" என்பார்.

அந்த வருடம் பழைய அளவுகளையெல்லாம் தூக்கிவிட்டு, புதுக் கருவியில் புதிதாக எடுக்கச் சொன்னார்கள். அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. நாற்பத்தேழை எப்படியோ முடித்துவிட்டார். மிச்சம் முப்பத்தொன்று, வாய்க்காலுக்கு அப்பால் தனியாக. கரையில் உட்கார்ந்தார். முப்பதாம் குச்சியின் எண்களையும் முப்பத்திரண்டாம் குச்சியின் எண்களையும் கூட்டிப் பாதியாக்கி எழுதினார். நடுக்கட்டத்தில் வழக்கம்போல 'நடந்து'. சரிபாதியில் புதைகுழி இருப்பதால்தான் அந்தக் குச்சியை ஆரம்பத்திலேயே அறுபதடி தள்ளி நட்டிருந்தார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு முட்டி மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

எனக்குப் புதைகுழி தெரியாது. ஆனால் எண் உறுத்தியது. சேற்றில் நட்ட குச்சி கடைசி இலக்கம் வரை சரிபாதியில் நிற்குமா என்ன?

"என்னண்ணே, முப்பத்தொண்ணு தராசுல வெச்ச மாதிரி நிக்குது?"

"நின்னா நல்லதுதானே தம்பி," என்றார், முட்டியில் தைலம் தேய்த்தபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மனுஷர் வலியில் இருக்கிறார், ஒரே ஒரு புள்ளி, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? சரிபார்த்தவர் என்று என் பெயரைப் போட்டு ஏற்றிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்துக் கடற்கரை நிலையத்திலிருந்து ஓர் இளம் ஆய்வாளர், ஒரு பெண், முப்பத்தொன்றில் மண் மாதிரி எடுக்க வந்தாள். அன்று புள்ளிக்காரர் விடுப்பு. அவள் வரைபடத்தை நம்பித் தனியாகப் போனாள், நேராகக் குழிக்குள். மார்பு வரை இறங்கிவிட்டாள். வாய்க்காலில் வந்த படகுக்காரர் துடுப்பை நீட்டி இழுத்துப் போட்டார். கணுக்கால் முறிந்தது, கருவி சேற்றோடு போயிற்று.

இயக்குநர் வரைபடத்தைப் பார்த்தார். 'நடந்து' என்று இருந்தது. புள்ளிக்காரர் நடந்தது என்றால் தப்பு அந்தப் பெண்ணுடையதுதான். களப்பணிக்கு லாயக்கில்லை என்று எழுத ஏற்பாடாயிற்று. எழுதினால் அவள் வேலை போய்விடும்.

அவள் ஊன்றுகோலோடு எங்கள் அறைக்கு வந்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்க புள்ளிய நான்தான் சரியாப் படிக்கல. உங்களுக்கும் கெட்ட பேரு."

புள்ளிக்காரருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு பேரும் அவளுக்கு நாற்காலி போட்டோம். அதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் புள்ளிக்காரர் எனக்கு முன்னால் வந்து அறை வாசலில் நின்றார்.

"அந்தக் கட்டத்தத் திறந்து குடு தம்பி."

'நடந்து' என்பதை அழித்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்: 'உட்கார்ந்து'.

"அண்ணே, 'கணக்கிட்டு'ன்னு போட்டாப் போதுமே? ஏழு ஸ்டேஷனுக்கும் போகும்ணே."

"நான் உக்காந்தேன். அதத்தான் போடணும்."

அரை மணியில் ஏழு நிலையங்களிலும் தெரிந்துவிட்டது. மலை நிலையத்தில் ஒருவன் அவருக்கு 'உட்கார்ந்த அண்ணன்' என்று பேர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. இயக்குநர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, சரிபார்த்த லட்சணம் இதுதானா என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் புள்ளிக்காரர் முந்திக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியாதுங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

வாய் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பொய். திறக்கும் உத்தேசமே எனக்கு இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. அவள் புள்ளிக்காரரிடம் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மத்த நாப்பத்தேழுண்ணே?"

"நடந்ததும்மா. சத்தியமா நடந்தது."

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் நடந்தவருக்கு அதைவிட வேறு அடி வேண்டாம்.

கணுக்கால் கூடியதும் நாற்பத்தெட்டையும் அவளையே மறுபடி எடுக்கச் சொன்னார்கள். வழி காட்ட அவர், உதவிக்கு நான். நாற்பத்தேழும் அச்சு அசலாகப் பொருந்தின. ஒவ்வொரு குச்சியிலும் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டு அடுத்ததற்கு நடந்தாள்.

முப்பத்தொன்றைக் கடைசிக்கு வைத்திருந்தோம். குழியைச் சுற்றி, கம்பால் குத்திக் குத்தி அழைத்துப் போனார். அவள் குச்சியின் மேல் கருவியைப் பிடித்தாள்.

"எடுத்த முறை, நடந்து," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "எடுத்தவர்னு யார் பேரு போட?"

"உங்க பேரையே போடுங்கம்மா," என்றார், சேற்றைப் பார்த்தபடி.

எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரிபார்த்தவர்?"

புள்ளிக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் பெயரைச் சொன்னேன்.